நாற்பதுக்கு மேல் போகாதீர்கள்

கொண்டலாம்பட்டி தாண்டவில்லை,
மூன்றாம் கியர் கழன்றுகொண்டது.
மெக்கானிக் நஸ்ருதீன்
வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி,
"சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரணும், மூணு நாள்.
ஓட்டலாம், நாப்பதுக்கு மேல போகாதீங்க.
பைபாஸ் பக்கம் தலைவச்சும் படுக்காதீங்க" என்றான்.

பள்ளிக்கூட வேனாக இருந்த வண்டி.
சீட்டுகளைக் கழற்றி எடைக்குப் போட்டு
கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை
எல்லாம் சென்னகிருஷ்ணன் தன் கையால் செய்தது.
மேலே அடித்த வெள்ளை பெயிண்ட்
வெயிலில் இன்னும் மஞ்சளாகவே தெரியும்.
பிச்சாவரம், கோடியக்கரை, பாம்பன் என்று
காலண்டர் அட்டையின் முதுகில் அவர் வரைந்த வழி
ஸ்டியரிங்குக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

தெருவே வந்து வழியனுப்பியிருந்தது.
டயருக்கு எலுமிச்சை, முச்சந்தியில் பூசணி.
எதிர்வீட்டு நாச்சிமுத்து
படம் பிடித்து குரூப்பில் போட்டாயிற்று.
பதினொரு கிலோமீட்டரில் எந்த முகத்தோடு திரும்புவது?

திரும்பவில்லை.

அன்றிரவு மூக்கனேரிக் கரை.
ஏரிக்குள் மண் கொட்டி எழுப்பிய திட்டுகள்,
திட்டுக்குத் திட்டு மரம், மரம் முழுக்க எச்சமும் சண்டையும்.
"தீவு" என்றார் அவர்.
எண்ண ஆரம்பித்தேன், பதினேழில் இருட்டிவிட்டது.
பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான் எனக்கு.
பஸ் ஜன்னலில் ஓடும் ஒரு பச்சை நீளம்,
அவ்வளவுதான் இந்த ஏரி, நேற்றுவரை.
ஒரு நீர்க்காகம் முங்கியது.
இங்கே எழும் என்று நான் பார்த்த இடத்தில் அது எழவேயில்லை.

காலையில் கரை தெரியாமல் போனைச் சாய்த்து
தண்ணீரை மட்டும் எடுத்து அனுப்பினார்.
கீழே ஒரே சொல்: பிச்சாவரம்.
முப்பத்திரண்டு கைகூப்பல்.
நாச்சிமுத்து மட்டும் கேட்டார்,
"பின்னாடி தெரியறது நம்ம சேர்வராயன் மாதிரியே இருக்கே?"
"எல்லா மலையும் அப்படித்தான் இருக்கும்" என்று தட்டிவிட்டேன்.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது
பிச்சாவரத்தில் ஏது மலை.

அப்புறம் தெருக்கள். நாற்பதில் போனால்
ஊர் நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறது.
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறை வாசலில்
சாக்குப்பை நிறைய கொலுசு முத்து, தவசம் மாதிரி.
குகையில் தள்ளுவண்டிப் பையன்
தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட் துருவல் அடைத்தபடி
"வெளியூருங்களா? காரம் கம்மியா வெக்கட்டுமா?" என்றான்.
ஆமாம் என்றேன்.
பொய் சொன்ன மாதிரியே இல்லை.

ஆனந்தா பாலத்தருகே என் நாத்தனார்
முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றாள்.
ஐம்பத்தெட்டு வயதில்
கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தேன்.

இரவு பதினொன்றுக்கு எங்கள் தெருவுக்குள்ளேயே நுழைந்தோம்,
ஹெட்லைட்டை அணைத்து.
மாடி பாத்ரூமில் லைட் எரிந்தது.
"நான் அணைச்சேன்."
"நீங்க அணைக்கலை."
சாவி என் மடியில்தான் இருந்தது.
கேட் லேசாகக் கோணல், இத்தனை நாள் கண்ணில் படவில்லை.
கொடியில் மறந்துபோன அவருடைய உருக்காலைச் சட்டை
கையை வீசி ஆடிக்கொண்டிருந்தது,
உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பதுபோல.
வேறு யாரோ அங்கே நன்றாகத்தான் வாழ்கிறார்கள்
என்று தோன்றியது. நகர்ந்தோம்.

மலைக்கு இரண்டாம் கியரே போதும்.
இருபது கொண்டை ஊசி. பன்னிரண்டாவதில்
ஒரு குரங்கு வைப்பரை இழுத்துப் பார்த்து
பிடிக்காமல் விட்டுவிட்டது.
காப்பி பூத்திருந்தது; வண்டிக்குள் வைத்த
மண்ணெண்ணெய் வாடையைக்கூட அது விடவில்லை.
ஏற்காடு ஏரியில் மான்களுக்கென்று ஒரு தீவு,
வேலிக்குள்ளிருந்து அவை எங்கள் வண்டியைப் பார்த்தன.

லேடீஸ் சீட்டில் இருட்டும்போது போன் அடித்தது.
"சாமான் வந்துருச்சுங்க" என்றான் நஸ்ருதீன்.
அவர் என்னைப் பார்த்தார்.
"நாங்க வெளியூர்ல இருக்கோம் தம்பி.
ரெண்டு நாள் ஆகும்."

கீழே சேலம் முழுக்க விளக்கு.
"அதோ" என்று விரலை நீட்டினார், "நம்ம பாத்ரூம். எரியுது பாரு."
எதைக் காட்டுகிறார் என்று தெரியவில்லை.
ஆமாம் என்றேன்.